பிடி போடாத அரம்

ஏனுங்க, இந்த பஸ்சு காட்டுப்புதூர் பிரிவுல நிக்குமுங்களா? நிக்குமா, சரிங்க. நீங்களும் அங்கதான் எறங்கறீங்களா? அப்பாடா. காலையில இருந்து எனக்கு நடந்த ஒரே நல்லது இதுதானுங்க. கொஞ்சம் இப்படித் தள்ளி ஒக்காருங்க, அந்தப் பக்கம் வெய்யில் அடிக்குது.

காட்டுப்புதூருல செங்கோடன்னு ஒருத்தருங்க. தறி ஓட்டறவரு. தெரியுமுங்களா? அவரு பொண்ணு கோகிலவாணி, என்ஜினியரிங் காலேஜுல மொத வருசம். கையில அடிபட்டு மூணு வாரமா ஊட்டுல கெடக்குதே, அந்தப் புள்ள. ஓ, ஊருக்கே தெரியுமா? என்ன பேசிக்கறாங்க? இல்ல, வேண்டாமுங்க, சொல்லாதீங்க. மொதல்ல நான் சொல்லிர்றன். நீங்க முழுசாக் கேட்டுப்போட்டு, எனக்காக அவருகிட்ட ரெண்டு வார்த்தை பேசுனீங்கன்னா போதும். உங்க காலத் தொட்டுக் கும்பிடுவனுங்க. சும்மா சொல்லலீங்க.

என் பேரு அருணகிரிங்க. அந்தக் காலேஜுல ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். பதினெட்டு வருசமாச்சு. ஆமாங்க, என்ற ஒர்க்‌ஷாப்புலதான் அந்தப் புள்ளைக்கு அடிபட்டுது. அப்புடிப் பாக்காதீங்க. அதுதான் சொல்றன்னு சொல்றனில்ல.

இந்தப் பாக்கெட்டுல ஒரு காயிதம் இருக்குதுங்க. பிரின்சிபால் டைப் அடிச்சுக் குடுத்தது. அதுல என்னன்னா, 'ஆசிரியர் சொல்லியும் கேக்காம நானே பிடி இல்லாத அரத்த எடுத்து வேலை செஞ்சேன், கல்லூரி மேலயும் ஆசிரியர் மேலயும் எனக்குப் புகார் எதுவும் இல்லை'ன்னு எழுதியிருக்குது. அந்தப் புள்ள கீழ அத ஒத்துக்கிட்டுக் குடுத்துட்டான்னா திங்கக்கெழம விசாரணை அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுரும். குடுக்கலீன்னா நான் செவ்வாக்கெழம காலையில வேலைக்குப் போக வேண்டியதில்ல. எனக்கு அம்பத்தோரு வயசுங்க. ஐடிஐ படிச்சவன். இப்ப எந்தக் காலேஜுலயும் பி.ஈ. படிச்சவன்தான் கேக்கறாங்க. வாட்ச்மேன் வேலைக்குக்கூட ஆள் இருக்குது. என்ற மவ வெண்மதி அதே காலேஜுல மூணாவது வருசம் படிக்கறா. ஸ்டாப் புள்ளைங்கன்னு பீஸ் இல்லாமப் படிக்கறா. நான் வெளிய போனா அவளும் வெளிய. இது ஒண்ணுதானுங்க இப்ப எனக்கு. அந்தக் காயிதம் ஒண்ணுதான்.

உங்களுக்கு அரம்னா தெரியுமில்லீங்க? அருவா தீட்ட வெச்சிருப்பீங்களே, அதுதான். என்ற வேலை அதச் சொல்லிக்குடுக்கறது. மொத வருசம் வர்ற புள்ளைங்க எல்லாத்துக்கும், கம்ப்யூட்டர் படிச்சாலும் சரி, கரண்ட்டு படிச்சாலும் சரி, உள்ளங்கை அகலத்துல ஒரு இரும்புத் தகடு குடுப்பனுங்க. அத வைஸ்ங்கற மேசை இடுக்கியில இறுக்கி, நாலு பக்கமும் அரத்தால ராவி, சதுரமாக் கொண்டு வரோணும். மூலைமட்டம் வெச்சு வெளிச்சத்துக்கு நேராப் புடிச்சுப் பாத்தா, ரெண்டுக்கும் நடுவுல ஒரு நூல் வெளிச்சம்கூடத் தெரியக்கூடாது. அவ்வளவுதான் பாடம். கேக்கறதுக்குச் சின்னதா இருக்கும். மூணு நாள் ராவுனாலும் நடு மேடா நிக்கும், ஓரம் சரிஞ்சு கெடக்கும். இரும்பு ஏமாத்தாதுங்க. நீங்க எங்க அவசரப்பட்டீங்கன்னு அப்புடியே காட்டும்.

பெரிய சாருங்க சிரிப்பாங்க. 'அருணகிரி, மெசின் இருக்கற காலத்துல இன்னும் புள்ளைங்கள ராவ வெக்கறியே'ம்பாங்க. நான் சொல்லுவன், 'சார், ஒரு தடவ கையால சதுரம் பண்ணிப் பாத்தவனுக்குத்தான் சதுரம்னா என்னன்னு தெரியும்.' தப்புங்களா? நீங்களே சொல்லுங்க.

புள்ளைங்களும் லேசுப்பட்டதுங்க இல்ல. தகட்டக் கொண்டு போயி டவுனுல லேத்துப் பட்டறையில குடுத்துச் செஞ்சு வாங்கிட்டு வந்துருவானுங்க. போன வருசத்துக்காரன் செஞ்சத இந்த வருசத்துக்காரன் உப்புத்தாள் போட்டுத் தேச்சுக் கொண்டு வருவான். அதுக்குத்தான் தகடு ஒவ்வொண்ணுலயும் ரோல் நம்பரப் பஞ்ச் வெச்சு அடிச்சுக் குடுப்பன். அப்பவும் அந்த நம்பரோடவே லேத்துக்குப் போவும். நூறு பேருல தொண்ணூத்தஞ்சு பேரு அப்புடித்தான்.

இந்தக் கோகிலவாணி அப்புடி இல்லீங்க. மொத நாளே தெரிஞ்சுது. அரத்தப் புடிச்ச ஒடனே காலை அகட்டி நின்னா. சொல்லிக்குடுக்காம யாரும் அப்புடி நிக்க மாட்டாங்க. 'எங்க அம்மிணி பழகுன?'ன்னு கேட்டன். 'எங்கப்பா தறிக்கு நான்தானுங்க சார் போல்ட்டு முடுக்குவன்'னா. முன்னால தள்ளறப்ப அமுக்கோணும், பின்னால இழுக்கறப்ப தூக்கோணும், இத நான் தொண்ட கிழியக் கத்துவன், ஒருத்தனும் செய்ய மாட்டான். அந்தப் புள்ள ரெண்டாவது நாள் செஞ்சா. மூணாவது வாரம் தகட்டக் கொண்டாந்து குடுத்தா, வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கறன், எதுவும் தெரியல. திருப்பிப் போட்டுப் பாக்கறன், தெரியல. பதினெட்டு வருசத்துல இதுதானுங்க மொதத் தடவ. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, தூசி விழுந்துருச்சுன்னு சொல்லித் தொடைச்சுக்கிட்டன். மத்தியானச் சோத்துக்கு மணி அடிச்சதும் மத்ததுங்க கேன்டீனுக்கு ஓடும். அவ டப்பாவுல இருக்கறத நாலு வாயி தின்னுபோட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்துருவா. என்ற மவகிட்டச் சொன்னன், 'உனக்கு வராத கை அவளுக்கு வந்துருக்குது'ன்னு. அவ மொறைச்சா.

இருங்க, டிக்கெட்டு. காட்டுப்புதூர் பிரிவு ஒண்ணு குடுப்பா.

என்ன சொல்லிட்டிருந்தன்? ஆங், அரம். கேட்டுக்குங்க, இதுதான் முக்கியம். அரத்துக்கு ஒரு பக்கம் வாலு மாதிரி கூராப் போவும். அந்த வாலுல மரப்பிடி செருவோணும். செருவுனா உள்ளங்கையில பிடி இருக்கும், அமுக்கலாம். பிடி கழண்டு போச்சுன்னா வாலுதான் கையில இருக்கும். எங்க ஒர்க்‌ஷாப்புல புள்ளைங்க ராவற அரம் எதுக்கும் பிடி இல்ல. ஒடைஞ்சு போச்சு, தொலைஞ்சு போச்சு, புள்ளைங்க விசில் பண்றதுக்குத் தூக்கிட்டுப் போச்சு. அதுக்கு நான் என்ன பண்ணுவன்? துணியச் சுத்திக்கிட்டு ராவச் சொல்லுவன். எல்லாரும் அப்புடித்தான் ராவுனாங்க. பல வருசமா.

புதுசு இல்லையான்னா? இருக்குதுங்க. அறுபது பிடி இருக்குது. அறுபது புது அரமும் இருக்குது. பீரோவுல இருக்குது.

அப்புடிப் பாக்காதீங்கன்னு சொல்றனில்ல! அதுக்கு ஒரு காரணம் இருக்குதுங்க. நான் வேலைக்குச் சேந்தப்ப எனக்கும் ஆசதான். வந்த சாமான எல்லாம் எடுத்துப் புள்ளைங்க கையில குடுத்தன். ஒரே வருசம். பிளேடு எல்லாம் ஒடைஞ்சுது, சுத்தி நாலு காணாமப் போச்சு, அரத்த எடுத்து வாத்தியாரு ஸ்கூட்டரு ஸ்டாண்டுக்கு அணை குடுத்து வெச்சானுங்க. வருசக் கடைசியில ஸ்டோர்ஸ்ல எண்ணிப் பாத்துப்போட்டு, கொறஞ்சதுக்கெல்லாம் என்ற சம்பளத்துல புடிச்சாங்க. அடுத்த வருசம் புதுசு கேட்டு எழுதுனன். வல்ல. அதுக்கடுத்த வருசமும் எழுதுனன். ஏழு வருசம் எழுதுனன் சாமி. எட்டாவது வருசம் காலேஜச் சுத்திப் பாத்து மார்க்குப் போட ஒரு கமிட்டி வருதுன்னு திடீர்னு ஒரு லாரிச் சாமான் வந்து எறங்குச்சு. அன்னிக்கு முடிவு பண்ணுனன், இத ஒருத்தன் தொடக்கூடாதுன்னு. கருவி கெடக்கூடாதுங்க. கெட்டா மறுபடி வராது. பீரோவப் பூட்டுனன்.

கமிட்டி வரும்போது மட்டும் தொறப்பன். செவுத்துல பெரிய பலகை அடிச்சு, ஒவ்வொரு கருவிக்கும் அதோட உருவத்த அப்புடியே பெயிண்ட்டுல வரைஞ்சு வெச்சிருக்கன். அரம் மாட்டற எடத்துல அரம் மாதிரி. சுத்தி மாட்டற எடத்துல சுத்தி மாதிரி. மாட்டி நின்னா அவ்வளவு அழகா இருக்கும். கமிட்டி போனதும் எறக்கி, எண்ணெய் தடவி, காயிதத்துல சுத்தி உள்ள வெச்சுருவன். பத்து வருசமா ஒண்ணுல ஒரு பொட்டுத் துரு இல்லீங்க. யாராச்சும் அப்புடி வெச்சிருப்பாங்களா?

இந்தத் தடவ வெள்ளிக்கெழம கமிட்டின்னாங்க. பிரின்சிபால் வந்தாரு. 'அருணகிரி, புள்ளைங்க செஞ்ச மாதிரி ஏதாச்சும் ஒண்ணு காட்டோணும், நல்லதா ஒண்ணு ரெடி பண்ணு'ன்னாரு. ரெண்டு தகடு ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்கார்ற மாதிரி, நடுவுல இங்கிலீசு 'வி' எழுத்தாட்டம் வெட்டி. கஷ்டமான வேலை. யாரு செய்வா? அந்த ஒருத்திதான் செய்வா. கூப்புட்டுச் சொன்னன். அந்தப் புள்ள மொகத்தப் பாக்கோணுமே. 'நானுங்களா சார்? கமிட்டிக்குங்களா?'ன்னு ரெண்டு தடவ கேட்டா.

ரெண்டு நாள் ராவுனா. புதன்கெழம மத்தியானம். நான் பலகைக்கிட்ட நின்னு பெயிண்டருக்குப் பேரு எழுதறதக் காட்டிட்டிருந்தன். பின்னால ஒரு சத்தம். கத்தக்கூட இல்லீங்க, மூச்ச உள்ள இழுக்கற மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா வைஸ் மேல குனிஞ்சு நிக்கறா. அரம் தகட்டோட ஓரத்துல மாட்டி நின்னுருச்சு, இவ முழு பலத்தோட தள்ளியிருக்கறா, துணியத் தாண்டி வாலு உள்ளங்கையில பூந்து... வேண்டாமுங்க. நீங்க சாப்புட்டு வந்திருப்பீங்க.

நான் என்ன பண்ணோணும்? அவ பிடி கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டனுங்களா? கேக்கல. கேக்காம நானா எப்புடி...

காலேஜு வேன்லதான் கொண்டு போனோம். என்ற மடியில கைய வெச்சிருந்தா. பூராவும் வேஸ்ட்டுத் துணி சுத்தி, துணியும் நனைஞ்சு, என்ற பேன்ட்டும் நனைஞ்சு போச்சு. அப்ப அந்தப் புள்ள என்ன கேட்டா தெரியுமுங்களா? 'சார், தகட்டுல கீறல் விழுந்துருச்சுங்களா?' அதுதான் கேட்டா. 'இல்ல கண்ணு, ஒண்ணும் ஆகல'ன்னன். உண்மையிலயே ஒண்ணும் ஆகலீங்க, தகட்டுக்கு.

கோயமுத்தூருல ஆப்பரேசன் பண்ணுனாங்க. நரம்பு அறுந்து போச்சுன்னாங்க. மூணு வெரலுக்கு இன்னும் உணர்ச்சி வரல. வரலாம், வராமயும் போலாம்னு டாக்டரு சொல்றாரு. வரும்னுதான் நான் சொல்றன். இதா, என்ற கையப் பாருங்க. இந்த நடுவுல தழும்பு தெரியுதா? எனக்கும் இதேதானுங்க. ஐடிஐ படிக்கறப்ப. இதே வாலு, இதே எடம். எங்க இன்ஸ்ட்ரக்டரு என்ன பண்ணுனாரு? சிரிச்சாரு. 'இப்பத்தான்டா நீ பிட்டரு'ன்னு முதுகுல தட்டுனாரு. நான் என்ன, செத்தா போயிட்டன்? வேலை செய்யல? மோதிர வெரலும் சுண்டு வெரலும் மட்டும் மடங்காது. மழைக்காலத்துல கடுக்கும். சட்டப் பித்தான் போடறதுக்கு ஊட்டுக்காரி வரோணும். அவ்வளவுதான். இது இந்தத் தொழிலுல வர்றதுதானுங்க.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்களே. பரவால்ல. கேக்கறீங்களே, அதுவே போதும்.

வெள்ளிக்கெழம கமிட்டி வந்துது. வைஸ்ஸுக்கெல்லாம் வெயாழக்கெழமயே பச்சப் பெயிண்ட் அடிச்சுட்டோம், அவ நின்ன எடத்துல ரெண்டு கோட்டு சேத்தி. அந்த வி வேலை பாக்கி இருந்துது. அரை மணி நேர வேலை. நானே ராவி முடிச்சு, கீழ அவ பேர எழுதி வெச்சன். அவ பேரத்தான் எழுதுனன், என்ற பேரப் போடல. தலைவரா வந்தவரு வயசானவரு, தடிச்ச கண்ணாடி. அத எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல ரொம்ப நேரம் புடிச்சுப் பாத்தாரு. 'இந்தப் பொண்ணப் பாக்கலாமா?'ன்னாரு. பிரின்சிபால், 'லீவுல இருக்குதுங்க சார்'னாரு. பொறவு பலகைக்கிட்ட வந்தாரு. ஒரு அரத்த எடுத்து, பல்லு மேல வெரல ஓட்டிப் பாத்து, வெரல மூக்குக்கிட்டக் கொண்டு போயி மோந்து பாத்தாரு. 'எத்தன வருசமா இருக்குது இது?'ன்னாரு. 'பத்து வருசங்க சார்'னன். 'பத்து வருசமா?'ன்னு திருப்பிக் கேட்டாரு. 'ஒரு பல்லுல ஒரு துளி இரும்புத்தூள் இல்லையேய்யா'ன்னாரு. அத்தன பேரு முன்னால! பதினெட்டு வருசத்துல என்ன ஒருத்தரு பாராட்டுனது அதுதானுங்க. கை கூப்புனன். ஆனா ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும் மார்க்கு ஏனோ கொறைச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்க. அது எதுக்குன்னு இன்னும் எனக்குப் புரியல. பிரின்சிபாலுக்கு அந்தக் கோவமும் என்ற மேல சேந்துருச்சு. அந்த வி மட்டும் இப்ப அவரு ரூம் கண்ணாடி அலமாரியில இருக்குது.

பவானி தாண்டிட்டமா? இன்னும் எவ்வளவு தூரமுங்க? அரை மணி நேரமா?

ஊட்டுலயும் நிம்மதி இல்லீங்க. வெண்மதி என்கிட்டப் பேசி மூணு வாரமாச்சு. சோறு போடறா, பேச மாட்டீங்கறா. நேத்து நான் இந்தக் காயிதத்தப் படிச்சுப் பாத்துட்டிருந்தன். பின்னால நின்னு அவளும் படிச்சிருக்கறா. 'அப்பா'ன்னா. ஆகா, புள்ள பேசிருச்சுன்னு திரும்புனன். 'நான் மொத வருசம் பிட்டிங் கிளாசுக்கு வந்தப்ப எனக்கு மட்டும் பிடி போட்ட அரம் குடுத்தீங்களே, அது எங்க இருந்துங்கப்பா எடுத்தீங்க?' அவ்வளவுதான் கேட்டா. உள்ள போயிட்டா.

நான் கத்துனன். 'உனக்குத் தப்பா ஞாபகம்'னு கத்துனன். அவ திரும்பி வல்ல.

தப்பா ஞாபகம்தானுங்க. எத்தன புள்ளைங்க வருது, எத்தன அரம், யாருக்கு எதக் குடுத்தன்னு...

இல்லீங்க.

எடுத்தனுங்க. பீரோவத் தொறந்து எடுத்தன். எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி காலையிலயே போயி, ஒரு புதுப் பிடி எடுத்து, வாலச் சூடு பண்ணி, பிடியச் செருவி, தட்டி, இழுத்துப் பாத்து, அவ நிக்கற எடத்துல வெச்சன். என்ற கை எனக்குத் தெரியுமில்லீங்க. என்ற மவளுக்குப் பித்தான் போட ஒரு ஆளு வரக்கூடாதுன்னு எடுத்தன். முடிஞ்சதும் கழட்டித் தொடைச்சு மறுபடி உள்ள வெச்சுப் பூட்டிட்டன். மத்த அம்பத்தொம்பது பேரும் அன்னிக்குத் துணி சுத்திக்கிட்டுத்தான் ராவுனாங்க. எனக்கு அது தோணவே இல்லீங்க. நெசமாச் சொல்றன், தோணவே இல்ல. நேத்து அவ கேக்கற வரைக்கும்.

அப்பறம் இன்னொண்ணு. அந்தப் புள்ள கேக்கலீன்னு சொன்னனில்லீங்க. கேட்டா. மூணு தடவ கேட்டா. திங்கக்கெழம, 'சார், பிடி ஒண்ணு இருந்தா நல்லா இருக்குமுங்க'ன்னா. செவ்வாக்கெழம, 'சார், போர்டுல மாட்டற அரத்துல ஒண்ணு எடுத்துக்கட்டுங்களா? ராவிப்போட்டு பிரஷ் போட்டுத் தொடைச்சு அப்புடியே வெச்சர்றனுங்க'ன்னா. புதன்கெழம கமிட்டிக்காக எல்லாத்தையும் பீரோவுல இருந்து எடுத்துப் பலகையில மாட்டிட்டிருந்தன். என்ற பக்கத்துலயே வந்து நின்னா. அவ தலைக்கு மேல அறுபது அரமும் பிடியோட தொங்குது. 'சார், கை வலிக்குதுங்க'ன்னா. நான் சொன்னன், 'அம்மிணி, வெள்ளிக்கெழம தாண்டட்டும், உனக்குன்னே ஒண்ணு தர்றன். இன்னிக்கு ஒரு நாள் துணிய நல்லாச் சுத்திக்கோ.' சரிங்க சார்னு போனா. பத்து நிமிசம்கூட ஆகல.

இத யாருகிட்டயும் சொல்லலீங்க. அந்தப் புள்ளயும் யாருகிட்டயும் சொல்லல போல. ஆஸ்பத்திரியில அவங்கம்மாகிட்ட, 'துணிய நான்தாம்மா சரியாச் சுத்தல'ன்னு சொல்லிட்டிருந்தா. நான் வெளிய நின்னு கேட்டன். உள்ள போகல. ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போயிருந்தன், நர்சு கையில குடுத்துட்டு வந்துட்டன்.

எனக்குப் பயமா இருக்குதுங்க. தூங்க முடியல, சோறு எறங்க மாட்டீங்குது. வேலை போயிருமேன்னு பயம், மவ படிப்பு போயிருமேன்னு பயம். அதவிட இந்தப் புள்ள மொகத்தப் பாக்கறதுக்குப் பயம். அவ திட்டுனான்னாப் பரவால்லீங்க. செங்கோடன் செருப்பால அடிச்சாலும் வாங்கிக்குவன். அவ திட்ட மாட்டா. 'வாங்க சார், ஒக்காருங்க சார்'ம்பா. நான் காயிதத்த நீட்டுனா அதையும் சரிங்க சார்ம்பா. அது தெரிஞ்சுதான் பிரின்சிபால் வேற யாரையும் அனுப்பாம என்ன அனுப்பியிருக்கறாரு.

கையெழுத்து எப்புடிப் போடுவான்னா கேக்கறீங்க?

அதுதானுங்க. நானும் அதையேதான் பிரின்சிபால்கிட்டக் கேட்டன். 'வலது கை கட்டுல இருக்குதுங்களே சார்'னன். அவரு நிமிந்துகூடப் பாக்கல. 'எடது கைப் பெருவெரல் ரேகை போதும்யா'ன்னு சொல்லி, மேசையில இருந்த இங்க் பேட எடுத்து நீட்டுனாரு. இந்தக் கவருக்குள்ள இருக்குது.

அட்மிசன் அன்னிக்கு நானும் அங்க மேசை போட்டு ஒக்காந்திருந்தனுங்க. பாரத்துல அப்பன் கையெழுத்துப் போடோணும். செங்கோடன் கூச்சப்பட்டுக்கிட்டே கைநாட்டு வெச்சாரு. அந்தப் புள்ளைக்குத் துளி வெக்கம் இல்ல. தன்ற துப்பட்டா நுனியாலயே அவரு வெரலத் தொடைச்சுவிட்டா. தொடைச்சுக்கிட்டே எங்களப் பாத்து, 'இனி எங்க ஊட்டுல கைநாட்டு இதுதானுங்க சார் கடைசி'ன்னு சிரிச்சா. மேசையில இருந்த நாங்களும் சிரிச்சோம். என்ஜினியரிங் படிக்க வந்த புள்ளகிட்டப் போயி இன்னிக்கு நான் அத வாங்கோணும். அதுலயும் அவ அப்பன் எதுருல.

பிரிவு வந்துருச்சுங்களா? இதுதானா? அதுக்குள்ளயா? இருப்பா, இருப்பா, எறங்கிக்கறன், விசில் அடிக்காத!

ஏனுங்க, ஒரு நிமிசம் நில்லுங்க. உங்க பைய நான் புடிச்சுக்கறன், நீங்க இந்தக் கவரப் புடிங்க. புடிங்க சாமி. உள்ள காயிதம் இருக்குது, இங்க் பேடு இருக்குது. நீங்களே போயி வாங்கிட்டு வந்துருங்க. உங்க ஊரு, உங்க சொல்லுக்குக் கட்டுப்படுவாங்க. எடது கைப் பெருவெரல், கீழ புள்ளி வெச்ச எடத்துல, அவ்வளவுதான். தொடைக்கறதுக்கு என்ற கைக்குட்டைகூட உள்ள வெச்சிருக்கறன். நான் இந்த டீக்கடையிலயே ஒக்காந்திருக்கறன். 'சார் வல்லீங்களா'ன்னு கேப்பா. கட்டாயம் கேப்பா. சாருக்குக் காச்சல்னு சொல்லிருங்க.

வேண்டாமுங்களா? ஏனுங்க? நீங்க சும்மா வாங்கிட்டு மட்டும் வந்தாப் போதுமே. சரி, கூடவாச்சும் வாங்க. வாசல் வரைக்கும். பேச வேண்டாம், சும்மா நில்லுங்க.

இப்புடித் திரும்பிக்கூடப் பாக்காமப் போறீங்களே. ஏனுங்க! அவங்க ஊடு எந்தப் பக்கம்னாச்சும் சொல்லிட்டுப் போங்க.